முதல் வீட்டைத் தாண்டாத வியூகம்

கொசு இல்லாத ஏரியைக்கூட எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் தேடிப் பிடித்துவிடலாம்; தேர்தல் வியூகம் வகுக்காத முற்போக்காளர் ஒருவரைப் பிடிப்பதுதான் கஷ்டம். ஆள் நல்லவர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரின் பின்புறம் பெயின்ட் தெரியாத அளவுக்குக் கொள்கைகளை ஸ்டிக்கர்களாக ஒட்டியிருப்பார். வானொலியில் செய்தி ஓடினால் வானொலிக்கே பதில் சொல்வார். நம் கட்சி ஏன் தோற்றது என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டீர்களோ, போச்சு, முதல் காபி ஆறி, இரண்டாவது காபியும் ஆறி, நீங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் கால் மாற்றிக் கால் நிற்கும்வரை விடமாட்டார். ஜெயித்திருந்தால்? ஜெயித்த விதம் தப்பு என்பார்.

எங்கள் ஊர் மாதிரிக்கு வெண்டெல் குரூகரைப் பாருங்கள். தொழில் பல் வைத்தியம். வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்களிடம் வருஷக்கணக்காகப் பேசியவர், எதிர்த்துப் பேச ஆளில்லாமல் வளர்ந்த ஞானம் அது.

போன வசந்தத்தில் நர்ஸ் லோரெட்டா ஹாஸ்கின்ஸ் நகர்மன்றத் தேர்தலில் நின்றார். கிழக்குப் பக்கம் ஓடும் மாலைப் பேருந்தை நிறுத்தப் போகிறேன் என்று எதிராளி டுவைட் மெல்பி பகிரங்கமாகவே சொல்லிவிட்டார். நிறுத்தினால் கார் இல்லாதவர்கள் பாடு அதோகதிதான். நாங்கள் ஏழெட்டுப் பேர் வெண்டெல் வீட்டு ஹாலில் கூடினோம்.

"ஆளுக்கு ஒரு தெரு எடுத்துக்குங்க," என்றார் லோரெட்டா. "கதவைத் தட்டுங்க, பஸ் விஷயத்தைச் சொல்லுங்க, ஓட்டுப் போடக் கூப்பிடுங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானாம்!" வெண்டெல் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "லோரெட்டா, பஸ்ஸுங்கறது வெறும் அறிகுறிம்மா. நோய் செனட்ல இருக்கு."

"செனட் எங்க தெரு வழியாப் போகாது வெண்டெல். பஸ்தான் போகும்."

அதற்கெல்லாம் அசருகிற ஆளா? அன்றைக்குப் பீட்சா வாங்குவதற்கே விருப்ப வரிசைப்படி வாக்கெடுப்பு நடத்தினார். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், தோற்ற பீட்சாவின் ஓட்டு எதற்குப் போகும் என்று விளக்கி, எண்ணி, ஒரு மறு எண்ணிக்கையும் முடிப்பதற்குள் கடையை மூடிவிட்டார்கள். பட்டினியோடு வீட்டுக்குப் போனோம். ஆனால் ஜனநாயகப் பட்டினி.

சனிக்கிழமை வெண்டெல் தன் தெருவுக்குப் போனார். முதல் வீடு மிலோ ஸ்ட்ராண்டுடையது, ஓய்வு பெற்ற பேராசிரியர். புல்வெளியில் லோரெட்டா பெயர்ப் பலகையை ஏற்கெனவே நட்டு வைத்திருந்தார், ஓட்டு நமக்குத்தான். கையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? போகமாட்டார். அதிபரைத் தேர்ந்தெடுக்க நடுவில் ஒரு வாக்காளர் குழு எதற்கு, ஒழிக்க வேண்டும் என்றார் வெண்டெல். ஒழிக்கத்தான் வேண்டும் என்றார் மிலோ. பிறகென்ன சண்டை என்கிறீர்களா? அரசியல் சட்டத்தைத் திருத்தி ஒழிப்பதா, மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு ஒழிப்பதா என்பதில்தான். எதிரிகள்கூட அப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. மிலோவின் மனைவி இரண்டு முறை சூப் கொண்டுவந்து வைத்தார். இருட்டிவிட்டது.

"எத்தனை வீட்டுக்குப் போன?" என்று கேட்டார் லோரெட்டா.

"எத்தனைங்கறது முக்கியமில்ல. எவ்வளவு ஆழமாப் பேசினோம்ங்கறதுதான் முக்கியம்."

"அடப் பாவி மனுஷா!"

தேர்தல் முடிந்தது. இருவருக்கும் சரிசமமான ஓட்டு. மறுபடி எண்ணினார்கள், மறுபடியும் சமம். எங்கள் சட்டப்படி இதற்குத் திருவுளச்சீட்டுதான். நகராட்சி எழுத்தர் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு சீட்டைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றை எடுத்தார். டுவைட் மெல்பி. அடுத்த மாதமே மாலைப் பேருந்து நின்றது.

மிலோ வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மிஸஸ் பவ்லிக் இருக்கிறார். தனிக்கட்டை. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்கு அந்தப் பேருந்தில்தான் போய்வந்தார். ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்டேன்.

"தேர்தலா? எப்ப நடந்துச்சு? யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லலியேப்பா. சொல்லியிருந்தா பொடிநடையாவாவது போயிருப்பேனே."

 நேரே வெண்டெலிடம் போய் அப்படியே சொன்னேன். லோரெட்டாவும் அங்கே இருந்தார். வெண்டெல் முகம் சுருங்கிவிட்டது.  மனசாட்சி உள்ள மனிதர்தான். பிறகு மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளை முடிவு பண்றது ஒரு ஜனநாயகமா? இந்தச் சட்டத்தை முதல்ல மாத்தணும்."

"மாத்தலாம்," என்றார் லோரெட்டா. "அதுவரைக்கும் அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்கு நீதான் கார்ல கூட்டிட்டுப் போற."

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு தடவைகூடத் தவறாமல் கூட்டிப் போகிறார். வழியெல்லாம் செனட்டைப் பற்றி விளக்குகிறாராம். டயாலிசிஸே தேவலாம் என்கிறார் மிஸஸ் பவ்லிக்.

அது கிடக்கட்டும். சீட்டுக் குலுக்குவது அநியாயம்தானே என்று நீங்களும் ஒரு நிமிஷம் தலையாட்டினீர்கள் இல்லையா? அநியாயம்தான், யார் மறுத்தார்கள்? வியாழக்கிழமை வெண்டெல் வீட்டில் அதற்குத்தான் கூட்டம். உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.