பத்தாம் நம்பர் எச்சில்

ஆட்டோ ஒரு ஹம்ப்ஸில் ஏறி இறங்கியதுதான் தாமதம், ஐஸ் பெட்டிக்குள் பத்தாம் நம்பர் குழாயின் மூடி கழன்று, எச்சில் அத்தனையும் கொட்டிப்போயிற்று.

ஈறு ஆராய்ச்சிக்காக முகாமில் எடுத்த எச்சிலை லேப்புக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தவன் பல் கல்லூரி அட்டெண்டர் க்ளென். அவனுடைய வேலையை நிரந்தரமாக்கும் தாளில் துறைத் தலைவர் டாக்டர் தமயந்தி மேடம் அடுத்த வாரம்தான் கையெழுத்துப் போடுவதாக இருந்தார்.

பெட்டியில் உபரியாக ஒரு குழாய் இருக்கத்தான் இருந்தது. ஜீவனஹள்ளி முகாமில், "லேடி டாக்டர் எதிர்ல எப்படிங்க துப்புறது?" என்று ஜனங்கள் நெளிந்தபோது மேடமே துப்பிக் காட்டிய குழாய். அதில் கை வைக்கலாமா? தெய்வக் குற்றம்! பாவம், க்ளென் என்ன செய்வான்? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுப் பத்தாம் நம்பரில் தானே துப்பி மூடினான். பெட்டியை லேப் உதவியாளர் ரமாவிடம் ஒப்படைத்த பிறகுதான் மூச்சே வந்தது.

இரண்டு நாள் கழித்து மேடம் கூப்பிட்டார்.

"பத்தாம் நம்பர் யாருப்பா?"

"மௌரீன் ஆன்ட்டி, மேடம். சர்ச்சுக்குப் பின்னாடி வீடு."

"ஐயோ பாவம்! ஆன்டிஆக்சிடன்ட் என்சைம் அடிமட்டத்துல கிடக்கு. ஈறு பத்திக்கிட்டா அணைக்க வர்ற ஃபயர் இன்ஜின் மாதிரிப்பா அது. இந்தம்மாவுக்கு வண்டியும் இல்ல, தண்ணியும் இல்ல. உடனே கூட்டிட்டு வா!"

க்ளென்னின் நாக்கு அவன் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பல் போகும். வாயை மூடிக்கொண்டு ஆன்ட்டியை அழைத்துவந்தான்.

ஆன்ட்டியின் ஈறு கல்லு மாதிரி இருந்தது. மறுபடி எச்சில் எடுத்துப் பார்த்தால், என்சைம் மூன்று மடங்கு!

"நாலே நாள்ல எப்படிம்மா? என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் விசேஷமா இல்ல டாக்டர். ஞாயித்துக்கிழமை பன்னிக்கறி வறுத்தேன்."

மேடத்தின் கண்கள் பளிச்சிட்டன. "க்ளென்! நாளையிலேர்ந்து நம்ம வார்டுல இருக்கிற இருபது நோயாளிகளுக்கும் பன்னிக்கறி. மாநாட்டுல இதைத்தான் பேசப்போறேன்!"

இருபதில் பதினாறு பேர் சைவம். க்ளென்னுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"மேடம், ஆன்ட்டி எச்சில் ஆட்டோவுலயே கொட்டிப்போச்சு. பத்தாம் நம்பர்... என்னுது!"

"அடப்பாவி! பல்லு தேய்க்கிற பழக்கமே இல்லையா உனக்கு? இப்படி ஒரு கேவலமான வாயை என் சர்வீஸ்லயே பார்த்ததில்ல! இந்த வாயை வச்சுக்கிட்டு என் டிபார்ட்மென்ட்ல உனக்கு நிரந்தர வேலையா?"

மூலையில் குழாய் கழுவிக்கொண்டிருந்த ரமா மெல்லத் திரும்பினாள்.

"திட்டாதீங்க மேடம். அவன் குடுத்த பத்தாம் நம்பரை அன்னிக்கே கைதவறி உடைச்சுட்டேன். பயத்துல, நீங்க முகாம்ல துப்பிக் காட்டுனீங்களே, அதைத்தான் பத்தாம் நம்பர்னு ஊத்தி வச்சேன்."