நூறு சதவீதம் முளைத்த கீரை

மனிதகுலம் நாளைக்கே பூண்டோடு அழிந்தாலும் கீரைக் குலம் அழியாது. அதற்காக ஓர் இயக்குநரும், மூன்று துணை இயக்குநர்களும், நாற்பத்திரண்டு சுழல் நாற்காலிகளும், ஒரு குளிர் அறையும் அல்லும் பகலும் பாடுபட்டு வந்தன. வாசலில் 'கீரை மரபுவளப் பாதுகாப்பு மையம்' என்று பித்தளை எழுத்து. எழுத்தை மட்டும் தினமும் துடைப்பார்கள்.

இத்தனை பேர் காத்த கீரை விதையைக் கையால் தொட்டவள் ஒருத்திதான். குளிர் அறை உதவியாளர். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் கழுத்து வரை கம்பளியோடு திரிந்ததால் எல்லோருக்கும் அவள் 'ஸ்வெட்டர் அக்கா'.

முன்பெல்லாம் விதைக்கு உயிர் இருக்கிறதா என்று ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் சோதிப்பார்கள். புது இயக்குநர் வந்தார். "அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை நாடி பாக்கிறவன் வைத்தியனா?" என்று கூட்டத்தில் கேட்டார். அன்றிலிருந்து மாதாமாதம் நாடி பார்க்கப்பட்டது.

நாடி பார்ப்பது எளிது. உறையிலிருந்து இருநூறு விதையை எண்ணி எடுத்து, ஈரத் தாளில் பரப்பி, ஏழாம் நாள் எத்தனை முளைத்தன என்று எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். முளைத்த நாற்றுகள் 'கழிவு'. விதி பதினான்கின்படி அவை எரிக்கப்பட வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பாமரர் வழக்கம். மையம் பானையையே பதம் பார்த்தது.

இந்தச் சோதனையில் ஒளிவிட்ட நட்சத்திரம் 417-ஆம் உறை. சிவப்புத் தண்டுக் கீரை. உப்பு மண்ணிலும் வரக்கூடியது என்று யாரோ ஒரு கீரைக்காரம்மா பல வருஷத்துக்கு முன் கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே ஐயாயிரம் விதை. மாதம் தவறாமல் நூறு சதவீதம் முளைத்தது. வரவேற்பறையில் அதற்கு வண்ண வரைபடமே மாட்டினார்கள்.

பத்தொன்பதாம் மாதம் ஸ்வெட்டர் அக்கா இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், 417 ரொம்ப லேசாயிடுச்சு. கொஞ்சத்தை விதைச்சு, புது விதை எடுத்து நிரப்பிடலாமா?"

"விதைக்கிறதா? நாம பாதுகாக்கிறவங்கம்மா. விதைக்கிறது பெருக்கப் பிரிவு வேலை."

"அவங்களுக்கு நிலமே இல்லைங்களே. அதுலதானே சார் உங்க காரெல்லாம் நிக்குது?"

"அதனாலதான் அவங்க மேல ஒரு குறையும் சொல்ல முடியல. முளைப்பு எவ்வளவு?"

"நூறுங்க."

"அப்புறம் என்ன? நூத்துக்கு மேல என்னால போக முடியாதும்மா."

இருபத்தைந்தாம் மாதம் கடைசி இருநூறும் முளைத்தன. நூறு என்று எழுதிவிட்டுத் தட்டோடு எரிதொட்டி முன் நின்றாள். இதற்கு மேல் உலகத்தில் எங்கும் இது இல்லையோ என்று நினைத்தாள். ஒரு பிடி நாற்றை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விரிசல் விட்ட இரண்டு வாளிகளில் நட்டாள். அவள் செய்தது திருட்டு. இதில் நமக்கும் மையத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அதன் பிறகும் பதிவேட்டில் மாதாமாதம் நூறுதான் ஏறியது. அதை மேலிடமே போட்டுக்கொண்டது. முளைக்காத விதை என்று ஒன்றுகூட உறையில் இல்லையே! அந்த வருஷத்தின் 'உயிர்த்துடிப்பு விருது' மையத்துக்கே கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து அந்தக் கீரைக்காரம்மா வந்தாள். காலில் காய்ந்த சேறு.

"ஐயா, கடல் ஊருக்குள்ள வந்துட்டுது. மண்ணு பூரா உப்பு. விதைச் சட்டியும் வெள்ளத்தோட போச்சு. இனி அங்க வர்றது இந்தச் செவப்புத் தண்டு ஒண்ணுதான். அன்னிக்கு நான் குடுத்ததுல ஒரு சிட்டிகை குடுங்க. இந்த மழைக்குள்ள போடலேன்னா முப்பது வீடும் பட்டினி."

இயக்குநர் அகமகிழ்ந்து அவளை வரைபடத்தின் முன் நிறுத்தினார். "பாருங்கம்மா, உங்க கீரை நூறு சதவீதம் உயிரோட இருக்கு!"

"நல்லா இருங்க ஐயா. அதக் குடுங்க."

உறை வெல்வெட் தட்டில் வந்தது. கத்தரித்தார்கள். கவிழ்த்தார்கள். உதறினார்கள்.

"வெதை எங்க?"

"முளைச்சிடுச்சும்மா."

"மொளைச்சது எங்க?"

"விதிப்படி எரிச்சாச்சு."

"அப்ப அந்த நூறு?"

"அது சான்றிதழ். வேணும்னா நகல் எடுத்துத் தர்றோம்."

வேலியே பயிரை மேய்ந்ததாகச் சிலர் சொல்லக்கூடும். அபாண்டம். இந்த வேலி மேயவில்லை. மாதாமாதம் ருசி பார்த்துச் சான்றிதழ்தான் கொடுத்தது.

நகலை மடியில் வைத்துக்கொண்டு கீரைக்காரம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டர் அக்கா வந்து, "அக்கா, கொஞ்சம் பின்பக்கம் வாங்க" என்றாள்.

வாளிகளில் இடுப்பளவு உயரத்துக்குச் செடிகள். கதிர் முற்றிக் காய்ந்திருந்தது. கீரைக்காரம்மா ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். அப்படியே செடியைக் கட்டிக்கொண்டாள்.

"இருக்கியாடி! செத்துட்டேன்னாங்களேடி உன்ன!"

இரண்டு பேருமாகக் கதிர்களைச் சோற்று டப்பாவுக்குள் உதறினார்கள். டப்பா அன்றே பஸ் ஏறியது. தண்ணீர் திருட்டுப் போகாமல் இருக்கத் தொட்டிக்கு மேலே வைத்திருந்த கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது.

"விதி பதினாலு தெரியுமில்ல? நாத்தை ஏன் எரிக்கல?"

"மனசு வரல சார்."

"மனசுன்னு விதியில எதுவும் இல்லையே" என்று ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மையத்தோட சொத்து. எத்தனை விதை குடுத்தீங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

"எண்ணலைங்க."

"எண்ணலையா! பாதுகாப்பு மையத்துல வேலை பாக்கிறவங்க, எண்ணாமயா குடுப்பீங்க?"

"எண்ணி எண்ணித்தானே சார் நாம அதை ஒழிச்சோம்."

பதில் திருப்திகரமாக இல்லை என்று குறித்துக்கொண்டு குழு அவளை வேலையை விட்டு நீக்கியது. ஸ்வெட்டரை ஒப்படைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். வெயில் இதமாக இருந்தது. வாளிகளில் மிச்சமிருந்த தண்டுகள் விதி பதினான்கின்படி எரிக்கப்பட்டன.

மையம் இதற்கெல்லாம் தளர்ந்துவிடவில்லை. மறுநாள் காலையிலேயே 418-ஆம் உறைக்கு நாடி பார்த்தார்கள். ஏழாம் நாள் நூறு சதவீதம் முளைத்தது. இன்னும் ஒரு மாதத்துக்கு விதை இருக்கிறது.