ஏழாவது எறும்பு

"இந்த லென்ஸுக்கு விலையே கிடையாதுங்க" என்றார் பறவைகளைப் படமெடுக்கும் பறவைக்காரர். சொன்ன வாய் மூடுவதற்குள் விலையையும் சொல்லிவிட்டார். "என் காரை வித்து வாங்கினது."

லென்ஸ்காரர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவரிடம் இருந்தது ஒரு சைக்கிள். அதற்கும் மணி அடிக்காது.

வீட்டு முன்னறைதான் அவருடைய பட்டறை. "என் கை பட்டு ஒரு கண்ணாடியிலயும் கீறல் விழுந்ததில்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அந்தப் பேச்சில்தான் தொழில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன கோளாறு?"

"நீங்களே பாருங்க."

கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே மரம். மரத்துக்கு மேலே, மரத்தையே தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குப் பெரிய ஓர் எறும்பு. மீசை வரை துல்லியமாகத் தெரிந்தது.

"நேத்து கழுகுன்னு நினைச்சு இதைத் துரத்திக்கிட்டே போயிட்டேன் சார். ஆனா ஒண்ணு, படத்துல மட்டும் விழ மாட்டேங்குது."

"சில பேருக்குக் கேமரான்னாலே கூச்சம்" என்றார் லென்ஸ்காரர். "லென்ஸுக்குள்ள புகுந்திருக்கு. லென்ஸைக் கழட்டிக் குடுத்துட்டு கேமராவை எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு லென்ஸ் தனியா, எறும்பு தனியா தர்றேன்."

அவர் போனதும் உள்ளேயிருந்து மனைவி வந்தாள். மளிகைக்கடைக்காரர் மகள். படியேறும்போதுகூடப் படிகளை எண்ணிக்கொண்டுதான் ஏறுவாள்.

"ஒரு எறும்புதானே? ஊதி விடுங்களேன்."

"அது உள்ள நசுங்கிச் செத்தா கண்ணாடி மேல பூசியிருக்கிற பூச்சுல கறை பிடிச்சுக்கும். தேய்ச்சா பூச்சும் சேர்ந்து வந்துடும். எறும்பு உயிரோட, தன் கால்ல நடந்து வெளிய வரணும்."

"மாப்பிள்ளை அழைப்பு மாதிரி சொல்றீங்க."

லென்ஸின் முன்வளையத்தில் ரப்பர் மூடியை அழுத்தித் திருகினார். இரும்புக் கருவி வழுக்கினால் கீறல். ரப்பர் வழுக்கினால் மனைவியின் சிரிப்பு மட்டும்தான். இரண்டு முறை சிரிப்பு வந்தது. மூன்றாவது முறை வளையம் வந்தது. உறிஞ்சு ரப்பரால் முதல் கண்ணாடியைத் தூக்கி மெத்தென்ற துணியில் வைத்து, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று விளிம்பில் பேனாவால் புள்ளி வைத்தார். எறும்பைக் காணோம்.

"ஆழமா போயிடுச்சு. கொஞ்சம் சர்க்கரை கொண்டு வா."

"ஏங்க, சர்க்கரை வச்சா இருக்கிறது வெளிய வருமா, இல்லாதது உள்ள வருமா?"

"கடைப் புத்தியை இங்க காட்டாதே."

லென்ஸின் வாயருகே காகிதத்தில் சர்க்கரை வைக்கப்பட்டது. உள்ளிருந்து யாரும் வரவில்லை. ஆனால் சுவர் விரிசலிலிருந்து ஒரு வரிசை கிளம்பி, அழைப்பிதழ் கிடைத்தவர்கள்போல மேசை ஏறியது. பதறிப்போன லென்ஸ்காரர் ரப்பர் ஊதியால் ஓங்கி ஊதினார். எறும்புகள் அசையவில்லை. சர்க்கரைத் துணுக்கு ஒன்றுதான் உருண்டு லென்ஸுக்குள் விழுந்தது. பின்னாலேயே எறும்புகளும் இறங்கின.

மனைவி காகிதத்தை வெடுக்கென்று இழுத்து, லென்ஸின் வாயைத் தட்டால் மூடினாள். "ஆறு பேர் உள்ள போயிட்டாங்க. எண்ணிட்டேன்."

"ஏற்கெனவே ஒண்ணு. ஆக ஏழு" என்றார் அவர், அழாத குறையாக.

குளிரில் எறும்பு மயங்கும் என்று எங்கோ கேட்டிருந்தார். லென்ஸைப் பொட்டலம் கட்டி ஃப்ரிட்ஜில், தக்காளிக்குப் பக்கத்தில் வைத்தார். எடுத்துப் பிரித்தபோது எறும்புகள் மயங்கியிருந்தனவோ என்னவோ, கண்ணாடி முழுக்க வியர்த்திருந்தது. இனி முழுதாகப் பிரித்துக் காயவைக்காமல் மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

பிரித்தார். கண்ணாடிக்கு ஒரு கிண்ணம் என்று வைக்க, வீட்டில் சாப்பிடக் கிண்ணம் மிஞ்சவில்லை. இரண்டாவது கண்ணாடிக்கு அடியில் ஓர் எறும்பு, சர்க்கரையைக் கட்டிப்பிடித்தபடி. மெல்லிய தூரிகையில் ஏற்றி வெளியே விட்டார்.

"ஒண்ணு" என்றாள் மனைவி.

பிறகு இரண்டு. மூன்றும் நான்கும் ஜோடியாக வந்தன. ஐந்து. நெடுநேரம் கழித்து, ஆறு.

"இன்னும் ஒண்ணு பாக்கி."

"தெரியும்!"

அந்த ஒன்றுக்காக, ஃபோகஸை மாற்றும் திருகுமரையைக் கழற்றினார். கழற்றுமுன் அடையாளக் கோடு போட மறந்தார். இனி அதை எந்த இடத்தில் கோத்துப் பூட்டினால் தூரத்துப் பறவை தெளியும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். அதற்குள்ளும் எறும்பு இல்லை. ஒளித்துளையின் தகடுகளைத் தொட்டார். அவை சீட்டுக்கட்டுபோலச் சரிந்து விழுந்தன. அங்கேயும் இல்லை. மேசையில் இப்போது லென்ஸ் என்று சொல்ல எதுவும் இல்லை. ஒரு கார் துண்டுதுண்டாகக் கிண்ணங்களில் கிடந்தது.

"ஏங்க, போதும். விட்டுடுங்க."

"ஏழாவது உள்ள இருக்கும்போது எப்படிடி மூடறது? நாளைக்கு அவர் கண்ணுல வச்சதும் அது மீசையை ஆட்டும். என் பேரு என்ன ஆகும்?"

வாசலில் செருப்புச் சத்தம். பறவைக்காரர், கழுத்தில் கேமராவோடு. லென்ஸ்காரர் மேசைமேல் துண்டை விரிக்கப் பார்த்தார். இத்தனை கிண்ணத்துக்கு அது எங்கே போதும்?

"சார், நீங்க பிரிக்கிறதுக்குள்ள சொல்லிடலாம்னுதான் ஓடி வந்தேன்" என்றார் பறவைக்காரர், மூச்சு வாங்க. "வேற லென்ஸை மாட்டிப் பார்த்தேன். அதுலயும் அதே எறும்பு, அதே மீசை. அது கேமராவுக்குள்ளதான் இருக்கு போலிருக்கு!"

மனைவி விரல்களை மடக்கி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"உள்ள போனது ஆறு, வெளிய வந்தது ஆறு. கணக்கு அப்பவே நேராயிடுச்சுங்க."