நீலக் கோச்சுக்குக் கண் பரிசோதனை

"என்னங்க, இது உங்க பேர்ல போகலையே. கடை பேர்ல போயிருக்கு."

மனைவி போனை நீட்டியதும் பவர் காபி டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிப்பதால் அவருக்குப் பவர் என்றே பேர். கடையின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். அதுவும் அவருடைய சொந்தப் பக்கமும் ஒரே போனில் இருந்தன. என்றைக்காவது வினை வரும் என்பது தெரிந்ததுதான். இன்றைக்கு வந்துவிட்டது.

பவர் கால்பந்தில் சிவப்பு அணிக்காக உயிரை விடுபவர். போன மாதம் சிவப்புக்கு வரவிருந்த பயிற்சியாளர், ஆள் யாரென்றே தெரியாது, கடைசி நேரத்தில் வராமல் போனார். பரம எதிரியான நீலத்துக்கோ புதுக் கோச் ஜம்மென்று வந்து இறங்கினார். முதல் ஆட்டத்திலேயே எதிரணி கோல் போட்டதற்கு அவர் கைதட்டியதை ஊரே பார்த்தது. பவர் சும்மா இருப்பாரா? எழுதிப் போட்டுவிட்டார்.

'நீலத்துக்குப் புதுக் கோச்சாம். பந்துக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாத ஆளு.'

கீழே கடையின் முகவரியும் போன் நம்பரும் பளிச்சென்று இருந்தன.

"உடனே அழிங்க," என்றாள் மனைவி.

அழித்தார். அதற்குள் நீல ரசிகர்கள் அதைப் படம்பிடித்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். 'கடைப் பக்கத்தை யாரோ திருடிவிட்டார்கள்' என்று எழுதினார். 'பக்கத்தையே காப்பாத்தத் தெரியாதவன் கண்ணைக் காப்பாத்துவானா?' என்று கேட்டார்கள். பதறிப்போய், 'அது விளம்பரம்தான். கோச் வந்தால் பரிசோதனை இலவசம்' என்று போட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

கடைக்குப் போனால் முதலாளி வாசலிலேயே நின்றார். ஆட்டம் இல்லாத நாளிலும் நீலச் சட்டை.

"அவரு ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. நாலு மணிக்கு வர்றாராம்."

"யாரு சார்?"

"யாரா? பூசணிக்காய் தெரியாதவரு. அவரு முகம் கோணுச்சுன்னா நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

பதினொரு வருட வேலை. பவர் லென்ஸ் பெட்டியை மூன்று முறை துடைத்துவைத்தார்.

நாலு மணிக்குக் கோச் வந்தார். டிரைவர் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். பவர் அவரை நாற்காலியில் உட்காரவைத்தார்.

"போர்டுல முதல் எழுத்தைப் படிங்க சார்."

"போர்டு எங்கப்பா இருக்கு?"

முதலாளி இருமினார். பவர் லென்ஸை ஒவ்வொன்றாக மாற்றினார். ஏழாவது லென்ஸில் கோச் நிமிர்ந்தார். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். பிறகு முதலாளியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க இங்கயே நிக்கிறீங்களா? பீரோன்னு நெனச்சேன்."

முதலாளிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"வீட்டுல மூணு வருஷமா கண்ணாடி போடச் சொல்லி நச்சரிச்சாங்க," என்றார் கோச். "நான்தான் வீம்பு பண்ணேன். ஊரே சிரிச்சப்புறம்தான் புத்தி வந்துச்சு. அதை எழுதுனது யாரு?"

பவர் கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினார். கோச் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எனக்குக் கண்ணைக் குடுத்திருக்கீங்க சார்."

"நம்ம பையன் தங்கம்," என்று முதலாளி பவரின் தோளில் தட்டிவிட்டு, கோச்சோடு போட்டோ எடுக்க வாசலுக்குப் போனார். பவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே ஸ்டூலில் சாய்ந்தார்.

பக்கத்தில் நின்ற டிரைவர் பெருமூச்சு விட்டார். "நீங்க இதை ஒரு மாசம் முன்னாடியே எழுதியிருக்கணும் சார்."

"ஏன்?"

"ரெண்டு டீமும் ஒரே நாள்ல ஒப்பந்தப் பேப்பர் அனுப்பியிருந்தாங்க. இவரு சிவப்புன்னு நெனச்சுத்தான் நீலத்துல கையெழுத்துப் போட்டாரு."