முஸம்மில் முடிவெடுத்த வெளிச்சம்

சனிக்கிழமை காலை, பல் தீட்டிக்கொண்டிருக்கும்போது, முஸம்மில் ஒரு முடிவெடுத்தார். இந்த வீட்டில் ஒரு காரியமாவது தன் சொல்லின்படி நடக்க வேண்டும்.

கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எடுத்த முதல் முடிவு இது. அந்தக் கல்யாணத்தைக் கூட அவர் முடிவெடுக்கவில்லை. பெரியவர்கள் முடிவெடுத்துவிட்டு, சட்டை அளவு மட்டும் அவரிடம் கேட்டார்கள்.

வெளியே அவர் லேசுப்பட்ட ஆளில்லை. புத்தளத்து உப்பளமொன்றில் மேற்பார்வையாளர். நாற்பது பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வாய்க்காலைத் திற என்றால் திறப்பார்கள், அடை என்றால் அடைப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளை வீட்டு வாசலில் நிறுத்தியதும் அந்த அதிகாரமெல்லாம் கரைந்துபோகும். உப்பில் வந்த அதிகாரம் கரையாமல் என்ன செய்யும்?

வீடு மனைவி ஸக்கியாவின் வீடு. பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அங்கே கூட்டிவந்து குடியிருத்துவது அந்தப் பக்கத்து வழமை. வீட்டு உறுதிப் பத்திரம் ஸக்கியாவின் பெயரில் இருக்கிறது. முஸம்மில் ஒரு சூட்கேசோடு வந்து சேர்ந்தவர். கேற்றுக்கு என்ன நிறம், முருங்கையை வெட்டுவதா விடுவதா, மணிக்கூட்டை எந்தச் சுவரில் மாட்டுவது, எல்லாம் ஸக்கியாவின் முடிவு. எல்லாம் முடிந்தபிறகு, "எப்படி இரிக்கி?" என்று அவரிடம் கேட்பாள். அவரும் "நல்லா இரிக்கி" என்பார். அதுவரைக்கும் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

குறையைக் காட்டிக் கொடுத்தவள் அவருடைய தங்கச்சி நிஸ்மியா. போன கிழமை ஒரு கல்யாண வீட்டில், சோற்றுச் சஹன் தட்டைச் சுற்றி இருந்த பெண்களிடம் அவள் சொன்னாளாம்: "எங்கட நானாக்கு அந்த வீட்டுல ஒரு ஆணி அடிக்கிறதுக்கும் மதினிட்ட கேக்கணும்." கடைசி இனிப்பான வட்டிலப்பம் வந்து சேருவதற்கு முன்னால் அந்த வார்த்தை ஆண்கள் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. நாலு பேர் சிரித்தார்கள். முஸம்மிலும் சிரித்து வைத்தார். ஆனால் அது அவருக்கு உண்மையிலேயே வலித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நிஸ்மியா பள்ளிவாசல்துறையிலிருந்து வருகிறாள். அவள் கண் முன்னால், இது நான் முடிவெடுத்துச் செய்தது என்று காட்ட அவருக்கு ஒரு பொருள் வேண்டும்.

பொருள் குசினியில் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஸக்கியா புதிதாகப் பென்ட்ரி அடித்திருந்தாள். கீழே கறுப்புக் கல், மேலே வரிசையாகத் தொங்கும் அலுமாரிகள். பார்க்க மாளிகைதான். ஆனால் வேலை செய்கிறவரின் முதுகுக்குப் பின்னால் பல்ப் இருந்தது. "என்ட நிழல்லயே நான் மீன் வெட்டுறன். செதிள் எது, விரல் எது எண்டு தெரியல்ல," என்று ஸக்கியா சொல்லிக்கொண்டிருந்தாள். மேல் அலுமாரிகளுக்கு அடியில் எல்.ஈ.டி. பட்டி ஒட்ட வேண்டும் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. என்ன நிறம் என்பதுதான் பாக்கி.

முஸம்மிலுக்கு மஞ்சள் வேண்டும். காலை முதல் மாலை வரை வெயிலில் உப்புக் குவியலைப் பார்க்கிற மனிதன் அவர். உலகத்தில் எத்தனை வெள்ளை உண்டோ அத்தனையையும் பார்த்துச் சலித்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் கண்ணுக்கு இதமாக ஒரு மஞ்சள் வெளிச்சம் போதும் அவருக்கு.

நேரே போய் மஞ்சள் என்று சொல்ல அவர் என்ன பச்சைப் பிள்ளையா? அவர் மழை வரும் என்றால் ஸக்கியா உடுப்புக் காயப்போடுவாள். பஸ்ஸில் போவோம் என்றால் ஆட்டோ வந்து நிற்கும். ஆகவே மஞ்சள் வேண்டுமானால் வெள்ளை கேட்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்ட சந்தோஷத்தில் அவர் இரண்டு தரம் பல் தீட்டிவிட்டார்.

குசினியில் ஸக்கியா இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஸக்கியா, அலுமாரிக்குக் கீழ போடுற லைட்டப் பத்தி நான் முடிவெடுத்திட்டன். வெள்ள."

"வெள்ளயா?" அவள் தலை நிமிரவில்லை.

"வெள்ளதான். ஆஸ்பத்திரில எரியுமே, அந்த மாதிரி வெள்ள."

"பக்கத்து வீட்டு ஸாஜிதா மஞ்சள்தான் வடிவு எண்டு சொன்னா."

முஸம்மிலின் நெஞ்சு துள்ளியது. மீன் இரையைத் தொட்டுவிட்டது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அவர் கெட்டிக்காரர். நிறுத்தவில்லை.

"மஞ்சளா? அது ஹோட்டலுக்குச் சரி. மஞ்சள்ல அரிசில கிடக்கிற கல்லுத் தெரியுமா? மீன் நல்லமா பழுதா எண்டு தெரியுமா? நான் உசிரோட இரிக்கிற மட்டும் இந்தக் குசினில மஞ்சள் லைட் எரியாது."

ஸக்கியா இன்னும் மூன்று இறால் உரித்தாள். பிறகு, "சரி," என்றாள்.

"என்ன சரி?"

"நீங்க சொன்ன மாதிரியே வெள்ள போடுவம்."

"இல்ல, ஒனக்கு மஞ்சள் விருப்பமெண்டா…"

"எனக்கென்ன விருப்பம்? வெளிச்சமெண்டா எல்லாம் வெளிச்சந்தான். கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து நீங்க இவ்வளவு உறுதியா ஒரு கதை கதைச்சத நான் காணல்ல. அதக் கெடுப்பனா?"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் சொல் வீட்டில் எடுபட்டது. எடுபட்ட சொல் அவருக்கு வேண்டாத சொல்.

திங்கட்கிழமை பஸ்தியான் அளவெடுக்க வந்தான். காலையில் படகு எஞ்சின், பின்னேரம் வீட்டுக் கரண்ட் வேலை என்று கற்பிட்டிப் பக்கமெல்லாம் ஓடித் திரிகிற ஆள். முஸம்மில் உப்பளத்துக் குரலை எடுத்துக்கொண்டார்.

"பஸ்தியான், பட்டிய உள்ளுக்குத் தள்ளி, சுவரோட ஒட்டு. வெளியில தெரியப்படாது."

"சுவரோட ஒட்டினா வெளிச்சமெல்லாம் சுவருக்குத்தான், சேர். மேடம் வெங்காயம் வெட்டுறது சுவரிலயா? முன் விளிம்போட ஒட்டினாத்தான் பலகைல விழும்."

"முன் விளிம்புதான். நானும் அதத்தான் சொல்ல வந்தன்."

"வெறும் பட்டி ஒட்டவா, அலுமினியத் தவாளிப்புக்குள்ள வெச்சு மேல மூடி போடவா?"

"வெறும் பட்டி போதும்."

"கறுப்புக் கல்லு, சேர். புள்ளி புள்ளியா அதில தெரியும். உப்புக் காத்துல பட்டியும் துருப்பிடிச்சுப் போகும்."

"மூடி போடு. நானும் அதத்தான் சொல்ல வந்தன்."

"சுவிட்ச் எங்க?"

"வலப்பக்கம்," என்றார் முஸம்மில். அது அவருடைய மோட்டார் சைக்கிள் சாவி மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் வரும்.

ஸக்கியா பஸ்தியானுக்குக் கொண்டுவந்த தேத்தண்ணிக் கோப்பையை இடப்பக்கச் சுவர் ஓரமாக வைத்தாள். பஸ்தியான் கோப்பையைப் பார்த்தான். அதற்கு நேர் மேலே சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி போட்டான்.

அவன் போகும்போது முஸம்மில் கேற் வரைக்கும் கூடப் போனார். வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"பஸ்தியான், வெள்ள எண்டு சொன்னன்தானே. நீ மஞ்சளப் போடு."

"மேடம் ஏசினா?"

"கடைக்காரன் பெட்டிய மாத்தித் தந்திட்டான் எண்டு சொல்லு."

"பிரச்சின இல்ல சேர். மஞ்சள் பட்டி எங்கிட்ட அளவுக்கு வெட்டி ரெடியா இரிக்குது."

"வெட்டியா? இப்பதானே அளந்தாய்?"

பஸ்தியான் காதைச் சொறிந்தான். "எங்கட தொழில்ல ஒரு கைக்கணக்கு இரிக்குது சேர்."

முஸம்மில் வியந்துபோனார். இப்படியொரு தொழில்காரன் உப்பளத்தில் இல்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

வியாழக்கிழமை வேலை முடிந்தது. சுவிட்ச் இடப்பக்கம் வந்திருந்தது. முஸம்மில் அதைக் கவனிக்காதது போல் கவனித்தார். எரியவிட்டுப் பார்ப்போம் என்று பஸ்தியான் சொன்னபோது, ஸக்கியா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நாளைக்கு நிஸ்மியா வரட்டும். அவ முன்னுக்கே இவர் கையால போடட்டும்."

முஸம்மில் மனதுக்குள் கணக்குப் போட்டார். வெள்ளைக்குப் பதில் மஞ்சள் எரிந்து, நிஸ்மியாவின் முன்னால் ஸக்கியா வாயைத் திறந்தால், அடுத்த கல்யாண வீட்டில் வட்டிலப்பத்துக்கு அவர் போக முடியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிய நிஸ்மியா வந்தாள். கையில் கருவாட்டுப் பை. தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை கதைத்து, வெளியே வெயில் தணிந்து குசினி இருட்டத் தொடங்கியதும், ஸக்கியா இருவரையும் உள்ளே கூப்பிட்டாள்.

"பிஸ்மி சொல்லிப் போடுங்க."

முஸம்மில் பிஸ்மி சொன்னார். அவர் ஆயுளில் இவ்வளவு மனமுருகி அதைச் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார்.

கண்ணைத் திறந்தபோது குசினி முழுக்க மஞ்சள். கறுப்புக் கல், பலகை, கத்தி, வெங்காயக் கூடை எல்லாவற்றிலும் அது மெதுவாகப் படிந்திருந்தது. அன்று காலையிலிருந்து அவருடைய கண் அப்போதுதான் இளைப்பாறியது. ஆனால் காது ஸக்கியாவுக்காகக் காத்திருந்தது.

ஸக்கியா நிஸ்மியாவின் பக்கம் திரும்பினாள். "நான் வெள்ளதான் போடுவம் எண்டன் நிஸ்மியா. இவர் கேக்கணுமே. மஞ்சள்தான் எண்டு ஒத்தக் கால்ல நிண்டிட்டார். எந்த இடத்துல ஒட்டுற, எப்படி மூடுற, எல்லாம் இவர்ட முடிவு. இந்த வீட்டுல நான் என்னத்தக் கண்டன்?"

"மாஷா அல்லாஹ் நானா," என்றாள் நிஸ்மியா. "நான்தான் ஒங்களத் தப்பா நெனச்சிட்டன்."

முஸம்மில் இரண்டு அங்குலம் வளர்ந்தார். மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்க நிஸ்மியா கிணற்றடிக்குப் போனதும், மெல்ல ஸக்கியாவின் பக்கம் வந்தார்.

"ஸக்கியா, கோவமில்லயா?"

"என்னத்துக்குக் கோவம்? உப்பப் பாத்துப் பாத்துக் கண்ணு செவந்து வாற மனிசன், வெள்ள லைட்தான் வேணும், ஆஸ்பத்திரி வெள்ளதான் வேணும் எண்டா நான் நம்புவனா? பஸ்தியானுக்கு நான் போன மாசமே மஞ்சள் எண்டு சொல்லி, அளவும் குடுத்திட்டன்."

முஸம்மிலுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கூடுதலாகச் சந்தோஷமாக இருந்தது. தன் கண்ணைப் பற்றி ஒருநாளும் அவர் அவளிடம் வாய் திறந்து சொன்னதில்லை.

"அப்ப நான் ஒண்டும் முடிவெடுக்கல்லயா?"

"எடுத்தீங்கதானே. நிஸ்மியா கண்ணால கண்டா. போதாதா?"

போதும் என்றுதான் அவருக்கும் பட்டது. தொழுகை முடிந்து நிஸ்மியா வந்து குசினிக் கதிரையில் உட்காரும் வரைக்கும் போதுமாக இருந்தது.

"நானா, ஒங்கள்ட்ட ஒண்டு கேக்கணும். எங்கட வீட்டுக் கூரை கழட்டப் போறம். ரெண்டு மாசம் செல்லும். நாங்க அஞ்சு பேரும் இங்க வந்து இரிக்கலாமா?"

ஐந்து பேரில் ஒருவர் நிஸ்மியாவின் புருஷன் ஹயாத்து முகம்மது. நல்ல மனிதர். விடிகாலை சுபஹிலிருந்து இரவு இஷா வரைக்கும் அரசியல் பேசுவார். இஷாவுக்குப் பிறகு குறட்டை விடுவார். இரண்டையும் ஒரே சத்தத்தில் செய்வார்.

"அது வந்து நிஸ்மியா…"

"முந்தியெல்லாம் நான் எது கேட்டாலும், மதினி விரும்ப மாட்டா எண்டு சொல்லிடுவீங்க. மகள் மபாஸா இங்க நிண்டு படிக்கட்டும் எண்டு கேட்டன். மதினி விரும்பல்ல எண்டீங்க. பெருநாளைக்கு மறு நாள் எல்லாரும் வாறம் எண்டன். அதுக்கும் மதினி விரும்பல்ல எண்டீங்க. இப்பதானே தெரியுது, இங்க முடிவெல்லாம் ஒங்கட கைல எண்டு."

பலகையில் ஸக்கியா வெங்காயம் வெட்டுகிற சத்தம் நின்றது. அந்தப் பழைய கேள்விகளில் ஒன்றைக்கூட அவளிடம் யாரும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லத் தைரியமில்லாத இடமெல்லாம் முஸம்மில் அவள் பெயரைக் குடையாகப் பிடித்து வந்தார். பொல்லாத மதினி என்று அவருடைய சொந்தக்காரர் மத்தியில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர் இப்போது மஞ்சள் வெளிச்சத்துக்கு நடுவில் நின்றார். ஒளிந்துகொள்ளக் குசினியில் நிழலே இல்லை.

"ஸக்கியா," என்றார், குரல் இறங்கி. "நீ என்ன சொல்றாய்?"

"நான் சொல்லி இந்த வீட்டுல எது நடந்திரிக்கி?" என்றாள் ஸக்கியா. கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் அவரைக் கொன்றது.

முஸம்மில் தங்கச்சியைப் பார்த்தார். ஊரெல்லாம் சிரிக்கப் பேசியவள்தான். ஆனால் கூரை இல்லாமல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவாள்? ஹயாத்து முகம்மதுவை நினைத்துக் காதுகளுக்காக ஒரு தரம் வருந்தினார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார். யாரிடமும் கேட்காமல், எந்தத் தந்திரமும் இல்லாமல், ஆயுளில் முதல் தடவையாக ஒரு முடிவை வாய்விட்டுச் சொன்னார்.

"வாங்க. அஞ்சு பேரும் வாங்க. இது என்ட முடிவு. இந்த வீட்டுல இத மாத்த ஒருத்தராலயும் ஏலாது."

நிஸ்மியா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ் நானா. இந்த முற நான் மதினிட்டத்தான் முதல்ல கேட்டன். அவ புதன்கிழமையே பின் அறையக் கழுவி, அஞ்சு தலகாணியும் போட்டு வெச்சிட்டு, ஒங்கள்ட்டயும் ஒரு வார்த்த கேக்கச் சொன்னா."