வெள்ளிக்கிழமை ஊசி

தென்காசி
26.7.82

அன்புள்ள தம்பி கிச்சாவுக்கு, அக்கா விஜயம் மனம் நிறைந்த ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்திம்பேரும் சௌக்கியம். என் இடது தோள்பட்டை மட்டும் அந்தக் கணக்கில் சேராது. அங்கே நீங்கள் எல்லோரும் பம்பாய் மழையில் நனையாமல் இருக்க விசுவநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

கையைத் தூக்க முடியவில்லை என்று நான் எழுதியதற்கு, சீன ஊசி வைத்தியம் செய்து பார்க்கலாம், ஆனால் லைசென்ஸ் உள்ளவரிடம் மட்டும் போ என்று பதில் போட்டாய். நீ டாக்டர், உனக்கு அது ஒரு வரி. உன் அத்திம்பேர் அதன் கீழே சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டார். என் பெண் ருக்மிணி பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்குப் போனபின் எனக்குத் தலை பின்ன ஆள் இல்லை என்பதால் இப்போது தினமும் காலையில் அவர்தான் பின்னிவிடுகிறார். விடைத்தாள் கட்டைக் கட்டுகிற கையல்லவா, இறுக்கிக் கட்டி முடிச்சும் போடுகிறார். சடை, வளைவில் திரும்புகிற செங்கோட்டை பாசஞ்சர் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகிறது. கோவில் பிரகாரத்தில் என் முதுகுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

லைசென்ஸைத் தேடிக் குற்றாலத்துக்குப் போனோம். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற பிச்சையா என் தோளைத் தூரத்திலிருந்து பார்த்தே, "ஊசி எதுக்கு சாமி? எண்ணெயப் போட்டு ஒரு முறுக்கு முறுக்குனா கை தானா மேல போவும்லா" என்றார். "லைசென்ஸ் இருக்கா?" என்றார் அத்திம்பேர். "கைக்கு எதுக்கு சாமி லைசென்ஸு? ஒங்க கைக்கு வச்சிருக்கியளா?" என்றார் அவர். கடைசியில் அகப்பட்டவர் டாக்டர் அகமது கபீர். எம்.பி.பி.எஸ். முடித்து, கொழும்பில் ஊசி வைத்தியமும் படித்தவர். திருநெல்வேலிக்காரர், சாரல் மாதங்களில் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, ஒரு லாட்ஜ் அறையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஊசிக்கென்று தனி லைசென்ஸ் எங்கே என்று அத்திம்பேர் கேட்க, "சைக்கிளுக்கு உண்டு, ரேடியோவுக்கு உண்டு, ஊசிக்கு சர்க்கார் இன்னும் போடல சார். டாக்டர்னு பதிவு பண்ணின நம்பர் இருக்கு, பாக்கியளா?" என்று சிரித்துக்கொண்டே காட்டினார். இவர் அதைச் சட்டைப்பைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

லைசென்ஸ் தீர்ந்தது, கிழமை வந்து நின்றது. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பணம் வெளியே போகக் கூடாது, விளக்கு வைத்தபின் ஊசி புழங்கக் கூடாது என்பவை நம் வீட்டுச் சட்டங்கள் என்று உனக்குத் தெரியும். உன் அத்திம்பேர் பௌதிகம் நடத்துகிறவர்தான், ஆனால் அது பள்ளிக்கூடத்தில். "அப்ப அடுத்த வாரம் தாங்க சார்" என்றார் டாக்டர். "அடுத்த வாரம் நீர் வர்றதும் வெள்ளிக்கிழமைதானே ஓய்!" என்றார் இவர். முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், வலி குறையாமல் காசைத் தொடுவதில்லை என்கிறார் டாக்டர். இரண்டு கொள்கைகளுக்கு நடுவே என் தோள் தொங்கிக்கொண்டிருந்தது. லாட்ஜ் மேனேஜர் பலவேசம்தான் வழி சொன்னார். வியாழக்கிழமையே பணத்தை அவரிடம் கொடுத்துவிட வேண்டியது. வெள்ளிக்கிழமை என் கை மேலே போனால் அவர் எடுத்து டாக்டரிடம் கொடுப்பார். நம் வீட்டு லட்சுமிக்கும் கோபமில்லை, டாக்டர் கொள்கைக்கும் பங்கமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாரலில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. பலவேசம் ஸ்விட்சைப் போட்டதும் இவர் அலறினார்: "அணை, அணை! விளக்கு வச்சா ஊசி கூடாது!" "லைட்ட அணைச்சா டாக்டரு எங்கன குத்துவாரு சார்? ஒங்க மூக்குல குத்திப்புட்டா நான் பொறுப்பில்ல" என்றார் பலவேசம். இவர் கண்ணை மூடி யோசித்து, எண்ணெயும் திரியும் இல்லாதது விளக்கு ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். அன்றைக்குத்தான் பௌதிகம் நம் குடும்பத்துக்கு முதன்முதலாக உதவியது. குத்திய ஊசிகளை எடுத்ததும் பலவேசம் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "அம்மா, கையத் தூக்குங்க பாப்போம். இன்னுங் கொஞ்சம்... தோளத் தாண்டிட்டு! சார், ரூவாயக் குடுத்துரட்டா?" டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏலே பலவேசம், நான் என்ன சந்தையில மாடா விக்கேன்?"

இப்படியே ஒவ்வொரு வெள்ளியும் நடக்கிறது. கை காதுவரை வந்து நின்றுவிட்டது, கூந்தலுக்கு எட்டவில்லை. இன்னும் எத்தனை நாள் இந்தக் கோணல் சடையோடு நான் தெருவில் நடப்பது? சீக்கிரம் குணமாக வேறு மருந்து இருந்தால் உடனே எழுது. குழந்தைகளுக்கு என் முத்தம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாகத் தோள்வலி இல்லாமல், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
விஜயம்

பி.கு. மேலே உள்ளது அத்திம்பேர் படித்துப் பார்த்தது. இது அவர் தபால்தலை வாங்கப் போனபின் எழுதுவது. போன வெள்ளிக்கிழமை அவர் அருவியில் தண்ணீர் எப்படி என்று பார்க்கப் போயிருந்தபோது, என் கை தலைக்கு மேலே போய் மறுபக்கக் காதைத் தொட்டுவிட்டது. பார்த்தது டாக்டரும் பலவேசமும் மட்டும்தான். "சார்ட்ட மூச்சு விட மாட்டேம்மா, ரூவா கைமாறியாச்சு" என்றார் பலவேசம். டாக்டர் இனி வர வேண்டாம் என்றுவிட்டார். கிச்சா, இருபத்திரண்டு வருஷமாக என் முகத்தைப் பார்த்துச் சொல்லாததையெல்லாம் இந்த மனுஷர் பின்னும்போது என் முதுகிடம் சொல்கிறார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தால் இன்றைக்கும் பாடம் மறந்துபோகுமாம். கல்யாணத்தன்று, தன்னை என்னைவிடக் குறைவாகப் படித்தவர் என்று நான் நினைத்துவிடுவேனோ என்று பயந்தாராம். இன்று காலை பாதிப் பின்னலில் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. மீதிக் கதை நாளைக்கு. அதனால் மருந்து ஒன்றும் எழுதாதே. தோள் முழுப் பலம் பெறத் தீபாவளிவரை விஜயம் தானாகத் தலை பின்னக் கூடாது என்று எழுது. நீ டாக்டர், ஒரு வரி போதும். கீழே கோடு அவர் போட்டுக்கொள்வார்.