பதில் ஆள்

மேலாளர் அறைக் கதவைத் தட்டப்போன கையை மூன்றாவது முறையாக மடக்கிக்கொண்டாள் டூட்டி மேடம். மறு கையால் டூட்டி ரெஜிஸ்டரை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். நல்லவேளை, ரெஜிஸ்டர் பெரியது. ஆனால் ஐந்து மாத வயிறு அதை முந்தப் பார்த்தது.

அந்த பஸ் டிப்போவில் எந்த வண்டிக்கு எந்த டிரைவர், எந்தக் கண்டக்டர், யாருக்கு எப்போது லீவு என்று கட்டம் போட்டு நிரப்புவது அவள் வேலை. லீவு கேட்டு வருபவர்களிடம் மேலாளர் போட்ட சட்டத்தைக் கிளிப்பிள்ளையாய் ஒப்பிப்பாள்: "பதில் ஆளோட வாங்க. ஆள் இல்லேன்னா லீவு இல்ல." தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், அந்தப் பட்டியலில் பிரசவத்தைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவள் பிரசவ லீவு முடிந்து வந்தபோது, தொலைந்த பொருட்கள் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இருக்கும் குடைகளையாவது யாராவது தேடி வருகிறார்கள். அவளை இன்றுவரை யாரும் கேட்டு வரவில்லை.

ஒருவழியாகத் தட்டினாள்.

"வாருங்கள், வாருங்கள்!" வீட்டில் குடிக்கத் தண்ணீரைக்கூட மேலாளர் மேடைத் தமிழில்தான் கேட்பார் என்பது டிப்போவின் நம்பிக்கை. "நிர்வாகம் என்றால் என்ன? தொலைநோக்கு!"

"சார், ஒரு விஷயம்..."

"நானும் ஒரு விஷயம் சொல்லவே காத்திருந்தேன். இன்றுமுதல் ஒர்க்‌ஷாப் பொறுப்பையும் தாங்களே பாருங்கள்."

வந்த விஷயத்தைச் சொல்லாமலே ஒரு சாவிக்கொத்தோடு வெளியே வந்தாள்.

"'சார், நான் மாசமா இருக்கேன்.' நாலே வார்த்தை. இத சொல்ல என்ன கஷ்டம்?" என்றான் அன்றிரவு வீட்டில் கணவன்.

"அப்ப நீங்க போய்ச் சொல்லுங்க."

"எனக்கா மாசம்? சரி, பதில் ஆளக் கையோட கூட்டிட்டுப் போ. அவரு சட்டத்தாலயே அவர மடக்கு."

அகப்பட்டவர் டிக்கெட் பரிசோதகர். டிப்போவில் 'விசில்' என்றால்தான் அவரைத் தெரியும்.

"இதென்ன மேடம் பெரிய வித்தை? கட்டம் போடணும், கட்டத்துல பேர் போடணும். அவ்ளோதானே?"

திங்கட்கிழமை டூட்டியை அவரையே போடவிட்டாள். திங்கள் காலை ஏழாம் நம்பர் வண்டியில் ஒரே சீட்டுக்கு இரண்டு டிரைவர்கள் முண்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் நம்பரில் இரண்டு கண்டக்டர்கள் போட்டி போட்டு டிக்கெட் கொடுத்து முடித்திருந்தார்கள்.

"வண்டி எப்பப்பா எடுப்பீங்க?" என்று ஒரு பயணி சத்தம் போட்டார்.

"இப்பவே எடுக்கலாம். உங்கள்ல யாருக்காச்சும் ஓட்டத் தெரியுமா?" என்றார் ஒரு கண்டக்டர்.

விசில் தன் பெயரை 'ஓய்வு' கட்டத்தில் மட்டும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

டூட்டி மேடம் ஓடினாள். ஏழில் ஒரு டிரைவரைச் சட்டையைப் பிடித்து இறக்கி ஒன்பதில் ஏற்றினாள், ஒன்பதில் ஒரு கண்டக்டரை ஏழுக்கு விரட்டினாள். பத்தே நிமிடத்தில் இரண்டு வண்டிகளும் கிளம்பின. மேலாளர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவன்றோ தலைமை! மண்டலக் கூட்டத்துக்கு என் சார்பில் இனித் தாங்களே செல்லுங்கள்!"

மேலாளரின் ஜீப் டிரைவர் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். போதாதா? "அடுத்த மேனேஜர் நம்ம மேடம்தான்" என்று ஷெட் முழுக்கப் பேச்சு. ஏணியில் ஏறும்போது அதைத் தானே எப்படித் தள்ளிவிடுவது? சொல்லும் நாள் இன்னும் பத்து நாள் தள்ளிப்போனது.

ஆனால் ரெஜிஸ்டர் தோற்றுவிட்டது. அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் வயிறு எட்டிப் பார்த்தது.

"என் கையெழுத்திடும் அதிகாரத்தையும் தங்களிடமே..." என்று மேலாளர் தொடங்க, ரெஜிஸ்டரை மேசைமேல் தொப்பென்று போட்டாள்.

"சார்! நான் மாசமா இருக்கேன்!"

மேடைத் தமிழ் அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது.

"எ... எப்பம்மா தேதி?"

"ஆகஸ்ட் பன்னெண்டு. ஆறு மாசம் லீவு வேணும்."

"ஐயையோ! ஆகஸ்ட் மட்டும் வேணாம்மா! கொஞ்சம் தள்ளி வெச்சுக்க முடியாதா?"

"இது என்ன நம்ம வண்டியா சார், லேட்டா வர்றதுக்கு?"

மேலாளர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போய்விட்டார்.

முடிந்தது கதை. நாற்காலி போச்சு, இனி ஆயுசுக்கும் குடைகளோடுதான் குடித்தனம். அவளுக்குக் கண் கலங்கியது.

ஜீப் டிரைவர் மெல்ல உள்ளே வந்து கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"அழாதீங்க மேடம், சார் வீட்டம்மாவுக்கும் ஆகஸ்ட்லதான் பிரசவம், காலேஜ் போற பொண்ணுகிட்டயே எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிட்டிருக்கார், அவர் லீவுக்குப் பதில் ஆள்னு மேலிடத்துக்கு உங்க பேரத்தான் எழுதி அனுப்பியிருக்கார்!"